சித்தியவானிலிருந்து வந்த இருதயமும், வீட்டில் பேசப்படாத ஒரு பேச்சும்

2007ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில், நாட்டின் நாளிதழ்கள் மொழி வேறுபாடின்றி ஒரே ஒரு சிறுமியைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தன. அவர் பெயர் தீ ஹுய் யீ. ஜொகூர், பத்து பஹாட்டைச் சேர்ந்தவர். வயது 14. சொந்த இருதயம் கைவிட்ட பிறகு, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஐஜேஎன் எனப்படும் தேசிய இருதயக் கழகத்தில் ஓர் இயந்திரத்தின் துணையோடு உயிர் வாழ்ந்தவர். அந்த வாரத்தில் அவருக்கு 24 மணி நேரத்துக்குள் இரண்டு முறை இருதய மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. இருதய அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் முகமட் அஸாரி யாக்கூப் தலைமையிலான குழு அதைச் செய்து முடித்தது.

இந்தக் கதையின் ஒரு பாதி பேராக் மாநிலத்துக்குச் சொந்தமானது என்பதைப் பலர் மறந்திருக்கலாம். முதலில் வந்த இருதயம், விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்த 15 வயது சித்தியவான் சிறுவனுடையது. மலாய்க்காரக் குடும்பம். நோன்பு மாதம். பிள்ளையின் மூளை இனி இயங்காது என்று மருத்துவர்கள் சொன்ன அந்த நேரத்தில், பெற்றோர் சம்மதம் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டவள் முன்பின் அறியாத ஒரு சீனப் பெண். சிறுவனின் பெயர் அப்போது ஊடகங்களில் பரவலாக வந்தது. அதை மீண்டும் எழுத இப்போது தேவையில்லை.

அந்த இருதயம் நிலைக்கவில்லை. ஹுய் யீயின் உடல் சில மணி நேரத்திலேயே அதை ஏற்க மறுத்தது. மாற்று உறுப்பை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்க்கும் அணுக்கள் உடலில் முன்கூட்டியே உருவாகியிருந்தால் இப்படி நடக்கும். பல முறை இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கும், நீண்ட நாள் இயந்திர இருதயத்தில் இருந்தவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். அடுத்து நடந்ததை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஜொகூரில் மூளைச்சாவு அடைந்த 20 வயது இளைஞர் ஒருவரின் குடும்பம் சம்மதம் தந்தது. இரண்டாவது இருதயம் துடித்தது. சிறுமி பிழைத்தாள்.

சித்தியவான் குடும்பம் கொடுத்தது வீணாகிவிட்டதா? இந்தக் கேள்வியை அப்போதே சிலர் கேட்டார்கள். கொடுப்பவரின் முடிவைப் பெறுபவரின் உடல்நிலையை வைத்து எடைபோடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உறுப்பு தானம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வெற்றிக் கதைகளாகவே வருவதற்கும் அதுதான் காரணம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பெற்றோர் தலையசைக்கும் நேரத்தில், அறுவைச் சிகிச்சை பலிக்குமா பலிக்காதா என்பது எவருக்கும் தெரியாது. சம்மதம் அந்த இருட்டில் கொடுக்கப்படுவது. பலன் பிறகு வருவது, சில சமயம் வராமலும் போவது. நாட்டில் 1997 டிசம்பரில் முதல் இருதய மாற்று அறுவைச் சிகிச்சை நடந்து பத்தாண்டுகள் ஓடியிருந்தும், 'மூளைச்சாவு' என்ற சொல் சாதாரணக் குடும்பங்களின் காதில் விழுந்தது இந்த இரு இளைஞர்களால்தான்.

அந்தச் சொல்லில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

விபத்தில் தலையில் பலத்த அடிபட்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ தைப்பிங் மருத்துவமனைக்கோ கொண்டுவரப்படும் ஓர் இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் இடமில்லை. அழுத்தம் ஏறி, மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டும் செத்துவிடுகிறது. ஆனால் சுவாசக் கருவி நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், இருதயம் தன் போக்கில் இன்னும் சில மணி நேரமோ சில நாளோ துடிக்கும். உடம்பு சூடாக இருக்கும். நெஞ்சு ஏறி இறங்கும். தாய் வந்து கையைப் பிடித்தால் கை வெதுவெதுப்பாக இருக்கும். அந்தத் தாயிடம் போய் உங்கள் பிள்ளை இறந்துவிட்டான் என்று சொன்னால் எப்படி நம்புவார்?

கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவில் இருப்பவர் கண் விழித்த செய்திகள் உண்டு. முறைப்படி உறுதி செய்யப்பட்ட மூளைச்சாவிலிருந்து யாரும் திரும்பியதில்லை. மலேசியாவில் இதை உறுதி செய்ய இரண்டு நிபுணர்கள், சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் வருகிறதா, கருவியை விலக்கினால் ஒரு மூச்சாவது தானே வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். உறுப்பை எடுத்துப் பொருத்தும் குழுவைச் சேர்ந்த மருத்துவர்கள் இதில் இருக்கக் கூடாது. உறுப்புக்காக ஆளைச் சாகவிட்டுவிடுவார்கள் என்ற அச்சத்துக்குப் பதில் சொல்லவே இந்த ஏற்பாடு.

அந்த அச்சத்தைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது, ஆனால் அது நியாயமில்லை. பேராக் மாநிலத்துத் தமிழர்களுக்கு மருத்துவமனையோடு இருந்த உறவு நீண்டது, கசப்பும் கலந்தது. 1877இல் கோலாகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் வேரூன்றியதிலிருந்து தோட்டங்கள் மூடப்பட்ட காலம் வரை, பால்மரம் சீவியவர்களுக்கு வைத்தியம் என்றால் தோட்டத்து டிரஸர் தரும் மாத்திரையும் கலவை மருந்தும்தான். 'பெரியாஸ்பத்திரி'க்கு லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களில் பலர் முற்றிய நிலையில் போனவர்கள், திரும்பி வராதவர்கள். மருத்துவமனை என்றால் முடிவு என்ற எண்ணம் லயங்களில் அப்படி வளர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான், ஈப்போ புறநகர் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். அந்த எண்ணமும் கூடவே பெயர்ந்து வந்தது. சம்மதம் கேட்டு வரும் ஒருங்கிணைப்பாளர் என்னதான் இதமாகப் பேசினாலும், பாட்டி காலத்து நினைவு ஒன்று குறுக்கே நிற்கும்.

இன்னொரு தடை சடங்கு சார்ந்தது. உடல் முழுதாக வீட்டுக்கு வர வேண்டும், குளிப்பாட்டி நீர்மாலை எடுத்து அன்றைக்கே அடக்கமோ தகனமோ முடிய வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். உறுப்பு எடுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் அதற்கு முந்தைய சோதனைகளுக்கும் பல மணி நேரம் கூடுதலாகும். வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். மாமன் ஒருவர் எழுந்து, "அவன் உடம்பக் கூறு போடணுமா?" என்று கேட்டுவிட்டால் போதும், பெற்றவர்களின் வாய் அடைத்துவிடும். எடுத்த இடம் சாதாரண அறுவைச் சிகிச்சையைப் போலவே தைக்கப்படும், முகமோ உருவமோ சிதையாது என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த மாமனும் வேறு மாதிரி பேசியிருப்பார்.

கண் எடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான் என்று சொல்பவர்களும் உண்டு. காளத்தியில் தன் கண்ணைப் பெயர்த்து இறைவனுக்கு அப்பிய கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கும் சமூகம் இது. புறாவுக்காகத் தன் தசையை அறுத்துத் துலாத்தட்டில் வைத்த சிபியைச் சோழர்களின் முன்னோன் என்று பெருமை பேசும் மரபும் நம்முடையதே. கதையாகக் கேட்டால் கண்ணீர் வருகிறது. படிவமாக நீட்டினால் கை நடுங்குகிறது. இஸ்லாமியர்களைப் பொறுத்தவரை, இருதய, கண் மாற்றுச் சிகிச்சையை அனுமதித்து 1970இலேயே தேசிய அளவில் ஃபத்வா வந்துவிட்டது. அதன் பிறகும் தயக்கம் நீடித்தது என்பதால், சமயத் தீர்ப்பு மட்டுமே மனத்தை மாற்றிவிடாது என்பதும் தெரிகிறது.

தமிழ்நாட்டில் நடந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹுய் யீ பிழைத்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற சிறுவன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அவனுக்கும் வயது 15தான். பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் மருத்துவர்கள். உறுப்புகளைக் கொடுக்க அவர்களே முன்வந்தார்கள். சென்னை மாநகரப் போலீசார் சாலையைக் காலி செய்து கொடுக்க, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் மருத்துவமனைக்கு இருதயம் பதினொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது பொருத்தப்பட்டது. உறுப்பைச் சுமந்து செல்லும் பரபரப்பான பயணத்தைக் காட்டும் 'சென்னையில் ஒரு நாள்' 2013இல் வந்து, இங்கும் திரையரங்குகளில் ஓடியது.

சென்னைச் சாலையின் அந்தப் பதினொரு நிமிடம் மட்டும் தமிழ்நாட்டை மாற்றிவிடவில்லை. அந்த ஆண்டே அரசு அடுத்தடுத்து ஆணைகள் பிறப்பித்தது. மூளைச்சாவை எப்படி உறுதி செய்வது, எடுத்த உறுப்பு எந்த வரிசைப்படி யாருக்குப் போகும், விபத்து வழக்கு என்பதால் நடக்க வேண்டிய பிரேதப் பரிசோதனையை எப்படித் தாமதமின்றி முடிப்பது என்பதெல்லாம் எழுத்தில் வந்தன. 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அறிவித்தார். அதன் பிறகு கிராமத்துக் கூலித் தொழிலாளியின் உடலுக்கும் மாவட்ட அதிகாரி வந்து மாலை வைக்கிறார். 'கூறு போடணுமா?' என்று கேட்கும் மாமனுக்கு இதைவிட வலுவான பதில் இல்லை. அங்கே மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தானம் செய்தவர்கள் 2024இல் மட்டும் இருநூறைத் தாண்டினார்கள். தமிழ்நாட்டின் மக்கள்தொகை நம்முடையதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். மலேசியாவிலோ பத்து லட்சம் பேருக்கு ஒரு கொடையாளர் என்ற அளவைக்கூட எட்ட முடியாமல் ஆண்டுகள் போகின்றன. மூன்றரைக் கோடியை நெருங்கும் மக்களில் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்.

விபத்துகள் குறைவு என்பதால் அல்ல. நம் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் பேர் இறக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பி2 உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 16. அதற்கு முன்பே அப்பாவின் 'கப்சாய்' மோட்டாரில் தாமான் சந்துகளைச் சுற்றும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்தந்தத் தாமானுக்குத் தெரியும். பிள்ளைகள் சாகாமல் இருப்பதுதான் முதல் வேலை. கொடையாளர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது அநாகரிகம்.

உறுப்புக்காகக் காத்திருப்போரின் பக்கத்தைப் பார்த்தால், இது நம்மவர் பிரச்சினையாக இருப்பது இன்னும் தெளிவாகும். இருதயம் தேவைப்படுவோர் சிலர். சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போரோ ஏறத்தாழ 10,000 பேர். நாடு முழுவதும் இரத்த சுத்திகரிப்பில் இருப்போர் 50,000 பேருக்கு மேல். புதிதாக அந்த நாற்காலிக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்தது இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. மூவரில் ஒருவர் என்றே சொல்லலாம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டு அங்கிள் என்று ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் பேராக்கில் அரிது. தோட்டம் இருந்த உள்பகுதிகளிலிருந்து நகர மையத்துக்கு வந்துபோகும் செலவும், அந்த மூன்று நாளும் வேலைக்குப் போக முடியாத இழப்பும் தனி.

உறுப்பு தான உறுதிமொழி அளிப்பதில் இந்தியர்கள், மக்கள்தொகை விகிதத்தைவிட முன்னிற்பவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கோயில் மண்டபத்து இரத்த தான முகாமில் வரிசையில் நிற்கும் அதே மனம்தான் இது. ஆனால் உறுதிமொழி ஒன்று, நடப்பது வேறொன்று. மலேசியாவில் உறுப்பு தானத்துக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1974ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம். ஒருவர் உயிரோடு இருக்கும்போது உறுதிமொழி கொடுத்திருந்தாலும், நடைமுறையில் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை கத்தியைத் தொடாது. குடும்பம் வேண்டாம் என்றால் கதை அங்கேயே முடிந்தது. இதனால்தான் உறுதிமொழி எண்ணிக்கையைக் காட்டி நிம்மதி அடைய முடியாது.

சட்டத்தை மாற்றலாம் என்கிறார்கள் சிலர். சிங்கப்பூர் 1987இல் கொண்டுவந்த சட்டப்படி, மறுப்புத் தெரிவிக்காத எல்லாரும் கொடையாளர்களே. முஸ்லிம்கள் 2008இல் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஸ்பெயினிலும் அனைவரும் சம்மதித்ததாகக் கருதும் சட்டம் 1979 முதல் உண்டு. ஆனால் அந்நாடு உலகில் முன்னணிக்கு வந்தது சட்டம் வந்தவுடன் அல்ல. 1989இல் தேசிய மாற்று உறுப்பு அமைப்பை நிறுவி, தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களையே ஒருங்கிணைப்பாளர்களாகப் பயிற்றுவித்த பிறகுதான். இன்றுவரை அங்கேயும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. ஆகவே, சட்டத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் பாதி உண்மைதான். ஈப்போவிலோ தெலுக் இந்தானிலோ நள்ளிரவில் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து, அவர்கள் மொழியிலேயே, அவசரப்படுத்தாமல் பேசத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மலாயில் சொல்லப்படும் மருத்துவச் சொற்களைப் பாதி புரிந்து, பாதி புரியாமல் தலையாட்டும் தாய்க்கு, தமிழில் ஒருவர் விளக்கினால் பதில் மாற வாய்ப்பு அதிகம்.

நேரமும் ஒரு கணக்கு. எடுத்த இருதயம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் இன்னோர் உடலில் துடிக்கத் தொடங்க வேண்டும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் 200 கிலோமீட்டர். சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும். பல மணி நேரம் யோசித்துவிட்டு, உடல்நிலை சரிந்த பிறகு சம்மதம் சொன்ன குடும்பங்களில் எந்த உறுப்பும் பயன்படாமல் போவதும் உண்டு.

இனி, பிழைத்தவரின் பக்கம். இரண்டாவது உயிர் கிடைத்த பதின்ம வயதினரைப் பற்றி எழுதும்போது, அறுவைச் சிகிச்சை முடிந்த இடத்தில் கதையை முடித்துவிடுவது ஊடகங்களின் வழக்கம். உண்மையில் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. உடல் புதிய உறுப்பை எதிர்க்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை நேரம் தவறாமல் வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டும். சாதாரணச் சளிக்காய்ச்சலும் படுக்கையில் தள்ளலாம். இந்த மாத்திரைகளில் சில பொமெலோ பழத்தோடு ஒத்துப்போகாது, இரத்தத்தில் மருந்தின் அளவை அது ஆபத்தாக ஏற்றிவிடும். தம்புன் சாலை நெடுக லீமாவ் பாலி தொங்கும் ஈப்போவில் வாழும் ஒரு பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல. பதினேழு வயதிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரையிலான காலத்தில்தான் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் அதை இழக்கும் ஆபத்து மிகுதி என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் நோய் அல்ல, பெரும்பாலும் வயது. நண்பர்களோடு வெளியூர் போகும்போது மாத்திரைப் பெட்டியை எடுக்க வெட்கம். நன்றாகத்தானே இருக்கிறேன், இன்று ஒரு நாள் விட்டால் என்ன என்ற நினைப்பு. அதுவரை அம்மா கொடுத்த மாத்திரையை இனி தானே எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டம் அது.

இன்னொரு சுமையும் உண்டு. தனக்காக ஒருவர் இறந்தார் என்ற எண்ணம். யாரும் தனக்காக இறக்கவில்லை, இறந்தவரின் குடும்பம் பிறகு கொடுத்தது என்பதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியவைப்பது எளிதல்ல. கொடையாளர் யார், பெற்றவர் யார் என்பதை மறைத்து வைக்கும் நெறி மருத்துவ உலகில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2007இல் அந்தத் திரை கிழிந்தது. அதனால் நாடே நெகிழ்ந்தது, உறுதிமொழி கொடுத்தவர்களின் எண்ணிக்கையும் அப்போது உயர்ந்தது. ஆனால் துக்க வீட்டு வாசலில் புகைப்படக்காரர்கள் நின்றதை நல்ல முன்மாதிரியாகக் கொள்ள முடியாது.

உறுதிமொழி அளிக்க விரும்புவோர் இப்போது 'மைசெஜாத்ரா' செயலியிலேயே பதிந்துகொள்ளலாம். சில நிமிட வேலை. எந்தெந்த உறுப்பு என்று தேர்ந்தெடுக்கலாம், மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆனால் அந்தச் செயலி, பதிந்தவரின் அம்மாவிடமோ மனைவியிடமோ எதையும் சொல்லாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் கேட்கப்போவது அவர்களைத்தான்.